கையில் கொடுத்த காபி

அனுசுயாவின் கைகள் வெயில் ஏறின பிறகுதான் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். விடிகாலையில் இட்லி ஊற்றிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை.

திருத்தணியில் சரவணப்பொய்கை ஓரமாக, மலைப்படிக்குப் போகிற வழியில், தகரம் போட்ட டிபன் கடை அவளும் புருஷன் குணசேகரனும் நடத்துவது. கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. இருட்டுப் பிரியுமுன்பே குளத்தில் முழுகி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஜனம் வர ஆரம்பித்துவிடும். நகரி, சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தால் காரச் சட்னியை மறுபடி மறுபடி கேட்டு வாங்குவார்கள். சென்னை வண்டி பிடிக்கிறவர்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். வெயில் சுள்ளென்று விழும்போது வியாபாரம் முடிந்து இட்லிக் குண்டானைக் கவிழ்த்துவிடலாம். இந்த ஊர் வெயிலில் அதற்குமேல் எவனும் சூடாக எதையும் தின்னமாட்டான்.

அனுசுயாவின் விரல்கள் மடங்கி நிமிர ஆரம்பிப்பது சரியாக அந்த நேரத்தில்தான். எழுந்திருக்கும்போது விரல் கணுவெல்லாம் வீங்கிக் கதகதவென்று சுட்டுக்கொண்டிருக்கும். கரண்டிக் காம்பைச் சுற்றி விரல் மூடாது. ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாது. மகள் ஷாலினிதான் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து மாட்டிவிட வேண்டும். பாதத்தைத் தரையில் வைத்தால் ஜல்லிக்கல்மேல் நிற்கிற மாதிரி இருக்கும். குண்டானில் தண்ணீர் சூடேறினதும் ஒரு சொம்பு மொண்டு, அதில் ஒவ்வொரு கையாக முக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் முதல் ஈடு இட்லி இறங்கியிருக்க வேண்டும். இறங்காது. மொட்டைத் தலைக்காரர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

மத்தியானம் இதே அனுசுயா கிரைண்டரைக் கழுவுவாள், துணி அலசுவாள், மல்லிகைகூடத் தொடுப்பாள். பார்க்கிறவர்கள் இரண்டையும் பார்த்தார்கள். பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

முதலில் முடிவுக்கு வந்தவள் நாத்தனார் மணியம்மை. நகரியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்த பிறகு தம்பி குணசேகரன் வீட்டோடு வந்துவிட்டவள். கடையில் சட்னியும் வடைகறியும் அவள் பொறுப்பு. கடையின் வாயும் அவள் பொறுப்புதான்.

"வேல இருக்கற நேரத்துக்குக் கை வராது. வேல முடிஞ்சதும் கை வந்துடும்" என்று வாடிக்கைக்காரர்கள் காதில் விழும்படியே சொல்வாள். "மணி பாத்துகினு வர்ற நோவு எந்த ஊர்ல கீது, நைனா?"

நைனா என்றது தம்பியை. தெலுங்குப் பக்கம் வாழ்ந்து பழகின வாய். குணசேகரன் பதில் சொல்லமாட்டான், பூரிக்கு மாவைத் தேய்த்துக்கொண்டிருப்பான். பேசாத மனுஷன், தங்கமான மனுஷன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், நம்மூரில் ஆம்பிளைக்கு அவ்வளவு சுலபமாக நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

அனுசுயா ரொம்ப நாள் மெடிக்கல் ஷாப்பில் 'செட்டு' வாங்கித் தின்று சமாளித்தாள். உடம்பு வலி என்று போய் நின்றால் பல நிறத்தில் மாத்திரைகளைப் பிய்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். நடவுக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் உடம்பு அதில்தான் ஓடுகிறது. போட்டால் வலி போன இடம் தெரியாது. போடாத அன்றைக்குப் போன வலி தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்.

பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கிற கிரேஸ்தான் அவளைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவைத்தாள். குணசேகரனும் கூடப் போனான். டாக்டரம்மா சின்ன வயசு. விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம், உடம்பே தன் மூட்டைப் பகையாளி என்று நினைத்து அரிக்கிற நோய் என்றாள். காலையில் இறுகிக்கொள்வதும் வெயில் ஏற ஏற இளகுவதும்தான் இதன் குணம் என்றாள். அதைக் கேட்டதும் அனுசுயா அழுதுவிட்டாள். நோய் பெரிதாக இருக்கிறதே என்ற அழுகை இல்லை. தான் நடிக்கவில்லை என்று இத்தனை நாளைக்கு அப்புறம் ஒருத்தர் சொல்லிவிட்டாரே என்ற அழுகை.

வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரையை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள். அது பிடிப்பதற்கு மாதக் கணக்காகும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும். செட்டில் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிட வேண்டும், பிறகு தொடவே கூடாது. அது வலியை மூடிவைத்துக்கொண்டு உள்ளே எலும்பைச் சாகடிக்கும் என்று இரண்டு தடவை சொன்னாள். இதெல்லாம் நடக்கும்போது குணசேகரன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். செவிடன் இல்லை.

வீட்டுக்கு வந்து மணியம்மையிடம் அனுசுயா ஆசையாகச் சொன்னாள், காலையில் பிடித்துக்கொள்வதுதான் இந்த நோவின் குணமாம் என்று. அப்படிச் சொல்லவும் ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு மணியம்மை தேங்காய் துருவப் போய்விட்டாள்.

மார்கழி வந்தது. மலையிலிருந்து இறங்குகிற பனி கடைத் தகரத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். செட்டு நின்றுவிட்டது, புது மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு அனுசுயா தவித்தாள். மாலை போட்ட சாமிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற அந்தக் காலத்தில் ஒரு நாள், மாவு அண்டா கைநழுவி, அன்றைக்கு ஊற்ற வேண்டிய மாவு முழுவதும் சாக்கடையில் போயிற்று.

மணியம்மைகூட அன்றைக்குப் பேசவில்லை. குணசேகரன் பேசினான்.

"பாப்பாவ காலேஜ விட்டு நிறுத்திடலாம். கடையில நிக்கட்டும்."

ஷாலினி அரக்கோணத்துக்கு ரயிலில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷம். அந்த வீட்டில் அதுவரை பள்ளிக்கூடத்தைத் தாண்டினவர்கள் யாரும் கிடையாது. அனுசுயா கல்யாணமாகி வந்த மறுநாளிலிருந்து இந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள். நகை வேண்டும் என்று கேட்டதில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை. மகள் இந்த அடுப்புக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் பிடிவாதம்.

"எனக்குக் கொஞ்சம் நாளு குடுங்க. மாத்திர புடிச்சிக்கும். நான் எப்படியாவது நின்னுடுவேன்" என்றாள். "பாப்பா படிப்புல மட்டும் கைய வெக்காதீங்க."

அன்று சாயங்காலம் அவள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். காலையில் கை கால் ஒழுங்காக வந்துவிட்டால் படி பூஜை செய்கிறேன், அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றுகிறேன் என்று. அதே சாயங்காலம் குணசேகரன் மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். செட்டில் எந்த மாத்திரை உண்மையில் வேலை செய்கிறது என்று கேட்டு, அதை மட்டும் தனியாக வாங்கினான். தூள் பண்ணினால் கரையுமா என்று கேட்டான். கடைக்காரன் எல்லாம் கரையும் என்றான்.

மறுநாள் விடிகாலையில் அனுசுயா படுத்தபடியே டம்ளரில் ஸ்பூன் போட்டுக் கலக்குகிற சத்தம் கேட்டாள். நிற்காமல் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு குணசேகரன் உள்ளே வந்து, "இந்தா" என்று காபியை நீட்டினான்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குக் கையில் என்று எதையும் கொடுத்ததில்லை. விரல்கள் மூடாததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை இடுக்கிக்கொண்டு குடித்தாள். கசந்தது. கசக்கிறதே என்று சொல்வதற்கும் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"சிக்கரி தூக்கலா பூட்டுது. குடி" என்றான் அவன்.

சில நாளிலேயே கை திறந்துகொண்டது. ரவிக்கை ஊக்கைத் தானே மாட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த ஷாலினியை எழுப்பாமல் விட்டதில் அவளுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. மொட்டைத் தலைகள் நிற்க நிற்க முதல் ஈடு ஆவி பறக்க இறங்கியது. கடை பழையபடி நிரம்பியது.

எல்லாம் முருகன் என்றாள் அனுசுயா. தங்கள் சபையிலும் விடாமல் ஜெபம் பண்ணினோம், கர்த்தரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள் அக்கா என்றாள் கிரேஸ். சேர்த்துக்கொள்வதில் அனுசுயாவுக்கு ஆட்சேபணை இல்லை. இருவருக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"கிரேஸு, எங்க வூட்டுக்காரரு இப்பல்லாம் தெனம் காலையில கையில காபி குடுக்கறாரு. எவ்ளோ நேரம் கலக்கறாரு தெரியுமா? சக்கர நல்லா கரையட்டும்னு."

சொல்லும்போது வெட்கத்தில் முகம் சிவந்தது. அந்த முகம் அப்போதே உப்ப ஆரம்பித்திருந்தது. கன்னம் உருண்டு, கழுத்து தடித்து, பார்க்கிறவர்கள் உடம்பு நன்றாகத் தேறிவிட்டாய் என்றார்கள். வைத்த கண் வாங்காமல் பார்த்துத் திருஷ்டி கழிக்கக்கூடச் சொன்னார்கள்.

மணியம்மை மட்டும் ஒரு நாள் பார்த்துவிட்டாள். தம்பி கரண்டியின் பின்புறத்தால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள், மாத்திரையைப் பார்த்தாள், நிரம்பி வழிகிற கடையைப் பார்த்தாள்.

"பாலு கொதியா இருக்கசொல்ல போடு. இல்லனா அடியில நின்னுடும்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அனுசுயாவை நடிக்கிறாள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அண்ணி என்று மரியாதையாகக்கூடக் கூப்பிட ஆரம்பித்தாள், தம்பி பெண்டாட்டி என்பதையும் மறந்து. வியாபாரம் நடக்கிற வீட்டில் மரியாதைக்குப் பஞ்சம் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை தீர்ந்தபோது மறுபடி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. முருகன்தான் பார்த்துக்கொண்டானே, கடையை மூடிவிட்டு எதற்குப் போக வேண்டும் என்றான் குணசேகரன். அதுவும் சரிதான் என்று அனுசுயாவுக்குப் பட்டது. மூட்டைக் காப்பாற்றக்கூடிய மாத்திரை நின்றுபோயிற்று. எலும்பைத் தின்கிற மாத்திரை காபியில் கரைந்து தினம் வந்துகொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்து போயிற்று. காவடிக் கூட்டத்தில் இரவும் பகலும் அடுப்பு அணையவில்லை, அனுசுயா அலுக்காமல் நின்றாள். புரட்டாசியில் தொடை இடுக்கில் ஒரு வலி ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்று குத்தும். நாளெல்லாம் நிற்கிற வலி, வேறென்ன என்று விட்டுவிட்டாள். வேண்டுதல் பாக்கி நிற்கிறது, அதனால்தான் முருகன் குத்திக்காட்டுகிறான் என்றும் ஒரு நினைப்பு.

ஐப்பசிக் கிருத்திகையில் படி பூஜைக்குப் போனாள். ஷாலினி மஞ்சள் கிண்ணத்தையும் சூடப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு கூட ஏறினாள். கிரேஸ் அடிவாரம் வரைக்கும் வந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படிக்கும் அனுசுயா குனிந்தாள், மஞ்சளை வழித்துப் பூசினாள், குங்குமம் வைத்தாள், சூடத்தைக் கொளுத்தினாள், நிமிர்ந்தாள். ஒவ்வொரு குனிவிலும் இடுப்பின் பந்தெலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்தது. பாதி மலையில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஷாலினி போதும் என்றாள். அவள் கேட்கவில்லை. படிகளில் சொட்டிய வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பூசினாள்.

உச்சிக்குப் போய்ச் சந்நிதியில் நின்றபோது தனக்கென்று எதையும் கேட்கவில்லை. கையில் காபி கொடுக்கிற மனுஷனுக்கு நீண்ட ஆயுசு கொடு என்று கேட்டாள்.

கார்த்திகையில் நொண்ட ஆரம்பித்தாள். குணசேகரன் காபியில் ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக ஆக்கினான். காபி இன்னும் கசந்தது. தை பிறந்த பிறகு ஒரு காலை, இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினவள், கால் தன்னுடையது இல்லை என்பது போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இடுப்பில் இரண்டு பக்கமும் எலும்பு செத்து அமுங்கிவிட்டது என்றாள். இனி மூட்டு மாற்றுகிற ஆபரேஷன்தான், அதற்கும் முதலில் நோய் அடங்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும். பிறகு கோபமாகத் திரும்பினாள்.

"நான் அவ்ளோ சொல்லியும் அந்த மாத்திரைய விடலையாம்மா?"

"அன்னைக்கே வுட்டுட்டேங்க. முருகன் மேல சத்தியமா."

"பொய் சொல்லாதீங்க. உங்க முகம் உப்பியிருக்கறதே சொல்லுது."

அனுசுயா சாட்சிக்குப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பேசாத மனுஷன் வாயைத் திறந்தான்.

"எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்டன்றா மேடம். திருட்டுத்தனமா வாங்கித் துன்றா."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் அனுசுயாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் அவர் ஏதோ உளறிவிட்டார் என்றுதான் அப்போதும் நினைத்தாள். அவ்வளவு நல்லவள் என்று சொல்வதா, அவ்வளவு முட்டாள் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

ரயிலில் திரும்பும்போது அரக்கோணத்தில் காபிக்காரன் ஏறினான். குணசேகரன் ஒன்று வாங்கி அவள் கையில் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். இனித்தது. இன்னொரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்து பார்த்தாள். கசப்பே இல்லை. காபி என்றால் இதுதான் என்பது ஒரு வருஷமாக அவளுக்கு மறந்துபோயிருந்தது. கப்பை மடியில் இறக்கினாள்.

"தெனமும் கலந்தீங்களா?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட ஓடிச்சா இல்லயா? பாப்பா காலேஜுக்குப் போச்சா இல்லயா?" என்றான். "நீ கேட்டததான செஞ்சேன்."

திருத்தணி வருகிற வரைக்கும், அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்தாள்.

ஷாலினியை மறுநாளே கடையில் நிறுத்தினார்கள். தம்பி மகள் கை நல்ல கை, இட்லி பூவாக வருகிறது என்று மணியம்மை வாடிக்கைக்காரர்களிடம் சொன்னாள். டாக்டரம்மா புதிதாக எழுதிக் கொடுத்ததை வாங்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. காபியும் நின்றுவிட்டது. கட்டிவைத்திருந்த வலியெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்தது. உள் அறையில் பாயில் கிடந்தபடி அனுசுயா கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பை அவள் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது. சாயங்காலம் உள்ளே வந்த ஷாலினி, பாதத்தை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, இடுப்பு விட்டுப்போகிறது, நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது என்று அழுதாள். அப்பாவிடமும் அதையே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிகாலை, அவன் அறைக்குள் சர்க்கரை டப்பாவை எடுக்க வந்தபோது அனுசுயா கூப்பிட்டாள்.

"இன்னாங்க. ஒரு காபி கொண்டாங்க."

அவன் நின்றான்.

"அத்தப் போட்டே கொண்டாங்க. எத்தினி வேணுமோ போடுங்க. ஸ்டூல்ல ஒக்காந்துகினே ஊத்தறேன். பாப்பா வண்டிக்கு இன்னும் நேரம் கீது. அது போவட்டும்."

அழுகையோ திட்டோ எதுவும் இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். பிச்சை கேட்கிறவளைப் போல இரண்டு முடங்கின கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

குணசேகரன் போர்வைக்குள் இருந்த அவள் கால்களைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"இனிமே உனக்கு எதுக்கு?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. வியாபாரம் முடிந்து குண்டானைக் கவிழ்க்கும்போது பேசுகிற அதே குரல். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெளியே பால் பொங்குகிற வாசனை வந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டம்ளரில் ஸ்பூன் சுற்றுகிற சத்தம். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் கலக்குகிறார் என்று ஒரு காலத்தில் அவள் பெருமைப்பட்ட அதே சத்தம். அனுசுயா முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு பாயோடு ஒட்டிக் கிடந்தது.

"பாப்பா" என்று கத்தினாள். "பாப்பா, அத்த வாங்காத. குடிக்காத."

குளத்திலிருந்து படியேற வந்த கூட்டம் அப்போதுதான் கடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அரோகரா என்று ஒருத்தன் ஆரம்பிக்க, தெரு முழுக்க அரோகரா போட்டது. அடுப்பின் இரைச்சல் வேறு. அவள் மறுபடி கத்தினாள். கூட்டம் நகர்ந்து சத்தம் தணிந்தபோது மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கசக்குதுப்பா."

"சிக்கரி தூக்கலா பூட்டுது. குடி."